பெரட்டுக்களத்தில் வாசித்த திருத்தம்

பிள்ளைகளா, உங்களுக்குக் கொடுத்திருக்கிற நெறிமுறைக் கோவையை நானும் வாங்கிப் படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்காங்க. செய்யாத வேலைக்குப் பேர் போடக்கூடாது, அடுத்தவன் எழுத்தைத் திருடக்கூடாது, ஒரே கட்டுரையை ரெண்டு சஞ்சிகைக்கு அனுப்பக்கூடாது. எல்லாம் சரி. கடைசிப் பக்கத்துல, 'தவறு தெரியவந்தால் உரிய திருத்தத்தை வெளியிட வேண்டும்'னு ஒரு வரி போட்டிருக்காங்க. ஒரே ஒரு வரி! அதைப் படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அந்த ஒரு வரியைச் செஞ்சு முடிக்கிறதுக்குள்ள எங்க கந்தோர், அதான் எங்க ஆபீஸ், பட்டது நாய் படாத பாடு. புதுசா சஞ்சிகை வேலைக்கு வந்திருக்கிற உங்களுக்கு அதைத்தான் சொல்லப் போறேன். பேசக் கூப்பிட்டுட்டு நடுவுல கடிகாரத்தைப் பார்க்காதீங்க, எனக்குக் கெட்ட கோபம் வரும்.

நான் விஞ்ஞானி இல்ல. லிந்துலைப் பக்கத்துல லயத்துல, அதான் தோட்டத்து ஆளுங்களோட வரிசை வீட்டுல, பிறந்தவ. அம்மா கொழுந்து பறிச்சாங்க, என்னைக் கன்னியாஸ்திரிமார் பள்ளிக்கூடத்துல சேர்த்துவிட்டாங்க, நான் டைப் அடிக்கப் பழகினேன். மலைநாட்டுல ஒரு தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருந்துச்சு, பேர் வேண்டாம். அங்க சஞ்சிகைப் பகுதிக்கு டைப் அடிக்கச் சேர்ந்தேன். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைச்சு கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்துச்சு. எங்க ஆளுங்க பாதிப் பேருக்கு மேல பிரஜாவுரிமை இல்லாம நின்ன காலம். அந்த மாதிரி ஆளுக்குத் தோட்டம் ஒன்னுதான் ஊரு, நாடு எல்லாம். தோட்டத்தை நடத்துற துரை பேரை வெட்டிட்டார்னா வேலை மட்டும் போகாது, குடியிருக்கிற லயத்துக் காம்பிராவும், அந்த ஒத்தை அறையும், போயிரும். இதை மனசுல வச்சுக்கங்க. இல்லேன்னா நான் ஏன் அப்படிப் பயந்தேன்னு உங்களுக்கு விளங்காது.

சஞ்சிகைக்கு எடிட்டரா இருந்தவர் உடப்புசல்லாவைப் பக்கத்து உபதேசியார் ஒருத்தரோட மகன். சீமைக்குப் போய்ப் படிச்சு வந்தவர். ஆனா அந்தப் பந்தா எள்ளளவும் கிடையாது. கந்தோர்ல தேத்தண்ணி ஊத்துறவர்ல இருந்து என் வரைக்கும் எல்லாரையும் 'நீங்க'ன்னுதான் கூப்பிடுவார். கோபம் வந்தா கத்தமாட்டார், பென்சில் சீவுவார். ஒருநாள் நிலையத்துப் பெரியவர் ஒருத்தர், தான் தொட்டே பார்க்காத ஆராய்ச்சிக் கட்டுரையில தன் பேரை முதல்ல போட்டு அனுப்பிட்டார். இவர் ஒரு முழுப் பென்சிலையும் சீவி முடிச்சுட்டு, 'இந்த ஆராய்ச்சியில் தங்கள் கைபட்ட பகுதி எது என்று தெரிவிக்கவும்'னு ஒரு சீட்டு வச்சு அப்படியே திருப்பி அனுப்பிட்டார். சீட்டை டைப் அடிச்சவ நான். அடிக்கும்போதே வேலை போச்சுடி திரேசான்னு நினைச்சேன். கட்டுரை திரும்பி வந்துச்சு, பெரியவர் பேர் இல்லாம. அன்னைக்கே எனக்கு அவர் மேல ஒரு மரியாதை. இன்னைக்கு வரைக்கும் அது குறையல, நீங்க என்ன கேட்டாலும் அவரை விட்டுக்கொடுக்கமாட்டேன்.

சரி, விஷயத்துக்கு வாறேன்.

அந்தக் காலத்துல தேயிலைக்குக் கொப்புள நோய்னு ஒன்னு வந்து ஆட்டிவச்சுச்சு. இளங்கொழுந்துல கொப்புளம் கொப்புளமா போடும், பிறகு கருகிரும். மழையும் பனியுமா இருந்தா சொல்லவே வேண்டாம். செப்பு கலந்த மருந்து அடிச்சா அடங்கும். ஆனா மருந்து விலை, அடிக்கிற கூலி எல்லாம் தோட்டத்துக்குச் சுமை. எவ்வளவு அடிச்சாப் போதும், சில இடத்துல அடிக்காமலே சமாளிக்க முடியுமான்னு பார்க்கணும். இந்த வேலையை அருள்தாஸ்னு ஒரு இளம் அதிகாரி எடுத்துச் செஞ்சார். மஸ்கெலியாவுல கடை வச்சிருந்தவர் மகன். கெட்டிக்காரர். வெளிநாட்டுல போய்ப் படிக்கப் புலமைப்பரிசிலுக்கு மனுப் போட்டிருந்தார். இந்தக் கட்டுரைதான் அவருக்குத் துருப்புச் சீட்டு.

என் சின்னம்மா வேலை செஞ்ச தோட்டத்துல ஒரு மலையை, அதான் ஒரு சரிவுத் தேயிலையை, கேட்டு வாங்கி, நிரை நிரையாப் பிரிச்சார். பெரும்பாலான நிரைக்கு மருந்து. நடுநடுவுல சில நிரைக்கு மருந்தே இல்ல. ஒப்பிட்டுப் பார்க்க அப்படி விடுறது வழக்கம், உங்களுக்குத் தெரியும். ஆளுக்கு ஆள் கைவேகம் மாறும் இல்லையா, அதனால ஒவ்வொரு நிரையையும் கடைசி வரைக்கும் ஒரே பொம்பளைதான் பறிக்கணும்னு ஏற்பாடு. பறிச்ச கொழுந்தை அவளவ கூடையிலயே மடுவத்துக்குக் கொண்டுவருவா. மடுவம்னா கொழுந்து நிறுக்கிற கொட்டகை. அங்க கணக்கப்பிள்ளை ஒவ்வொரு கூடையா நிறுத்து எழுதுவார்.

கடைசியில பார்த்தா, மருந்து அடிச்ச நிரைக்கும் அடிக்காத நிரைக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. அந்த உயரத்துல, அந்தப் பருவத்துல மருந்தைக் குறைச்சா நட்டம் இல்லேன்னு கட்டுரை வந்துச்சு. மதிப்பீட்டாளர் ரெண்டு பேரும் பாராட்டி எழுதினாங்க. சஞ்சிகையில முதல் கட்டுரையாவே போட்டோம். துரைமாருக்கு வாயெல்லாம் பல்லு. மழைக்காலம் தொடங்கறதுக்கு முன்னாடி எல்லாத் தோட்டத்துக்கும் மருந்தைக் குறைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பப் போறாங்கன்னு பேச்சு. அருள்தாஸ் ஐயா எங்களுக்கெல்லாம் கேக் வாங்கிக் கொடுத்தார். நானும் ரெண்டு துண்டு வாங்கித் தின்னேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு சின்னம்மா வீட்டுக்குப் போனேன். சின்னம்மா கோழி அடிச்சுக் குழம்பு வச்சிருந்தாங்க. சாப்பிட்டுக்கிட்டே, "சின்னம்மா, உங்க மலையைப் பத்தி எழுதினது புத்தகத்துல வந்திருக்கு. மருந்து அடிக்காத நிரையிலயும் கொழுந்து குறையலயாம்"னு பெருமையா அளந்தேன்.

சின்னம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாங்க. "குறையலயா? அடிப்பாவி! ராக்காயி நிரை முழுக்கக் கொப்புளம்டி. பாதிக் கூடை கூட வராது. துரை என்ன, கொழுந்து குறைஞ்சா அரைநாள் சம்பளம்தானே போடுவாரு. கைப்புள்ளையைப் புள்ளக்காம்பிராவுல ஆயாகிட்ட விட்டுட்டு வாறவ, அரைநாள் சம்பளத்துல என்னத்தத் திம்பா? மடுவத்துக்குப் போற வழியில ஆளுக்கு ரெண்டு பிடி அவ கூடையில போட்டுட்டுப் போவோம். அவளுக்கு மட்டுமா, கொப்புள நிரையில நின்ன எல்லாப் பொம்பளைக்கும்தான்."

நான் தட்டைத் தள்ளிவச்சுட்டுக் கேட்டேன். "எப்பவுமா?"

"ஒவ்வொரு தடவையும்தான். இது என்னடி புதுசா? புள்ளத்தாச்சிக்குப் போடுறதில்ல? காய்ச்சல்காரிக்குப் போடுறதில்ல? பக்கத்து நிரையில ஒருத்தி வெறுங்கூடையோட நிக்கிறா, நாம நிறைச்சுக்கிட்டு நடக்கிறதா? நல்லாருக்கும்!"

விளங்குதா உங்களுக்கு? நோய் நிரையோட எடை ஏறிப்போச்சு, மருந்து நிரையோட எடை இறங்கிப்போச்சு. ரெண்டும் ஒன்னா நின்னுச்சு. கெட்ட எண்ணத்துல யாரும் ஒன்னும் செய்யல. காலம்காலமா எங்க பொம்பளைங்க செய்யறதைத்தான் செஞ்சாங்க. ஆராய்ச்சிக்காரர் கைவேகத்தை யோசிச்சார், மனசை யோசிக்கல. ஒரே ஆள் ஒரே நிரைன்னு கட்டிப்போட்டதால நட்டம் எப்பவும் அதே நாலஞ்சு பேர் தலையிலேயே விழுந்துச்சு. மாறி மாறி வந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது.

திரும்பி வர்ற பஸ்ஸுல என் மனசு பட்ட பாட்டை என்னன்னு சொல்ல! கொழுந்து கைமாத்துறது தோட்டத்துச் சட்டப்படி குத்தம். களவுன்னே எழுதி வைப்பாங்க. தொழிற்சங்கம் கூட அதுக்குப் பேச வராது. நான் வாயைத் திறந்தா சின்னம்மா பேரும் ராக்காயி பேரும் வெட்டுப்படும், கைப்புள்ளையோட அவ எங்க போவா? திறக்காட்டி அந்தப் பொய்யான கட்டுரையை நம்பி மலைக்கு மலை மருந்தை நிறுத்துவாங்க. மழை பிடிச்சா எல்லா மலையிலயும் கொப்புளம் போடும். அப்போ யாருக்கு யார் ரெண்டு பிடி போடுறது? எல்லாக் கூடையும் காலியாத்தானே வரும்.

திங்கக்கிழமை காலையில எடிட்டர் ஐயா மேசைக்கு முன்னாடி போய் நின்னு, ஒரே மூச்சுல எல்லாத்தையும் கொட்டிட்டேன். கடைசியில, "ஐயா, பேர் கேட்டா நான் சொல்லமாட்டேன். என் வேலை போனாலும் சரி"ன்னேன்.

அவர் பென்சிலை எடுத்தார். சீவல. கொஞ்ச நேரம் உருட்டிக்கிட்டே இருந்துட்டு, "பேர் எனக்கு வேண்டாம் திரேசா. ஆனா சின்னம்மா சொன்னாங்கன்னு சஞ்சிகையில போட முடியாது. நாமளே பார்த்துத் தெரிஞ்சுக்கணும். அதுக்கு முன்னாடி, இதைக் கட்டுரை எழுதினவர்கிட்ட நேரா சொல்லணும். அவருக்குத் தெரியாம ஒரு அடி வைக்கக்கூடாது"ன்னார். உடனே அருள்தாஸ் ஐயாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

கேட்டதும் அவர் முகம் செத்துப்போச்சு. முதல்ல என் மேலதான் பாய்ஞ்சார். "உங்க சின்னம்மா சொன்னா வேதவாக்கா? லயத்துல ஆயிரம் கதை பேசுவாங்க!"

எனக்கும் ரோஷம் வந்துருச்சு. "லயத்துக் கதைதாங்க. நம்பாட்டிப் போய்ப் பாருங்க"ன்னுட்டேன்.

எடிட்டர் ஐயா ரெண்டு பேரையும் அடக்கிட்டுச் சொன்னார்: "அதையேதான் நானும் சொல்றேன் அருள்தாஸ். போய்ப் பாருங்க. நிரையெல்லாம் இன்னும் பிரிச்சபடியேதானே இருக்கு. மடுவத்துல நிறுக்காதீங்க. தராசைத் தூக்கிக்கிட்டு நிரை முனைக்கே போங்க. பறிச்சு முடிச்ச இடத்துலயே நிறுங்க. எதுக்கு, ஏன்னு யாரையும் கேக்காதீங்க."

அருள்தாஸ் ஐயா போனார். இந்த இடத்துலதான் நான் அவருக்குக் கையெடுத்துக் கும்பிடணும். ஒரு தடவை நிறுத்துட்டு, 'வித்தியாசம் தெரியல'ன்னு வந்து சொல்லியிருந்தா யார் கேட்கப் போறாங்க? புலமைப்பரிசில் நேர்முகம் வேற பக்கத்துல வந்துருச்சு. மனுஷன் பனியில நனைஞ்சுக்கிட்டு, அட்டைக்கடி வாங்கிக்கிட்டு, திரும்பத் திரும்ப அந்த மலைக்குப் போனார். கடைசியா ஒருநாள் ஈரம் சொட்டுற சப்பாத்துக் காலோட நேரா எங்க அறைக்கு வந்து உட்கார்ந்தார்.

"பாதிதான் வருது. சில நிரையில பாதி கூட இல்ல. என் கட்டுரை தப்பு"ன்னார். பிறகு என்னைப் பார்த்து, "உங்க சின்னம்மாகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க"ன்னார். எனக்கு அழுகை வந்துருச்சு. அந்த மனுஷனைப் போய் எடுத்தெறிஞ்சு பேசிட்டோமேன்னு இருந்துச்சு.

இனித் திருத்தம் போடணும். இங்கதான் பிள்ளைகளா, உங்க கோவையில இருக்கிற அந்த ஒரு வரி மலையா எழும்பி நின்னுச்சு.

நிலையத்துத் தலைமை அதிகாரி, "எடை போட்டதில் பிழைன்னு ரெண்டு வரி போட்டு முடிங்க"ன்னார். நல்ல யோசனை மாதிரித்தான் எனக்கும் பட்டுச்சு. பொம்பளைங்க தப்பிச்சிருவாங்க இல்ல? எடிட்டர் ஐயா மறுத்துட்டார். "தராசுல பிழை இல்ல, கணக்கப்பிள்ளை மேலயும் பிழை இல்ல. அப்படிப் போட்டா அந்த மனுஷன் தலைதான் உருளும். ஒரு பொய்யைத் திருத்தறதுக்கு இன்னொரு பொய்யா?"

"அப்போ சத்தமில்லாம அடுத்த வருஷம் புதுக் கட்டுரை போட்டுரலாமே?"ன்னார் அதிகாரி.

"மழை அடுத்த வருஷம் வரைக்கும் பொறுக்குமா சார்?"

அருள்தாஸ் ஐயாவும் அவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதினாங்க. எழுதி எழுதிக் கிழிச்சாங்க. கடைசியா வந்தது இதுதான்: மடுவத்துக்குக் கொண்டுபோகும் வழியில் வெவ்வேறு நிரைக் கொழுந்து ஒன்றோடொன்று கலந்துவிட்டது. மருந்தில்லாத நிரையில் பறித்தவர்களுக்குக் கூலி குறையும் என்பதை ஆய்வை வகுத்தவர்கள் யோசிக்கவில்லை, அதற்கு வழியும் செய்யவில்லை. பிழை முழுவதும் வகுத்தவர்களுடையது. கட்டுரையின் முடிவு திரும்பப் பெறப்படுகிறது. கீழ அருள்தாஸ் ஐயா பேர். அதுக்குக் கீழ, எடை எங்கே எடுக்கப்பட்டது என்று கேட்காமல் ஏற்றுக்கொண்டதற்காக எடிட்டர் ஐயா பேர். அவர் பேரைப் போடச் சொல்லி யாரும் கேக்கல. அவராப் போட்டுக்கிட்டார்.

எனக்கு மனசு ஆறுச்சு. 'கலந்துவிட்டது'. யார் கலந்தான்னு இல்ல. இதைவிடப் பக்குவமா எழுத முடியாதுன்னு நினைச்சேன்.

ஆனா துரை ஒன்னும் மடையர் இல்ல. அருள்தாஸ் ஐயா தராசைத் தூக்கிக்கிட்டு நிரை முனைக்குப் போனப்பவே அவருக்கு மூக்கு வேர்த்துருச்சு. எழுதி வச்ச திருத்தத்தோட நகலும் எப்படியோ அவர் கைக்குப் போயிருச்சு, நேரா எங்க கந்தோருக்கு வந்துட்டார். வெள்ளைக்காரர், ஆறடி உயரம். இங்கிலீசுல சத்தம் போட்டது எனக்கு அடுத்த அறைக்குக் கேட்டுச்சு. "கொழுந்து தானா நடந்து போய்க் கலக்குமா? என் தோட்டத்துல எவளோ கைமாத்தியிருக்கா. எந்த எந்தப் பொம்பளைன்னு எனக்குத் தெரியணும். சொல்லாட்டி அந்த மலையில வேலை செஞ்ச மொத்தப் பேரையும் வெட்டுவேன்."

நான் டைப் அடிக்கிறதை நிறுத்திட்டேன். மொத்தப் பேரும்னா சின்னம்மா, ராக்காயி, எல்லாரும்தானே.

எடிட்டர் ஐயா குரல் உயரவே இல்ல. "நோயாளி பேரை வைத்தியர் ஊருக்குச் சொல்லுவாரா? அவங்களை அந்த நிரையில நிறுத்தினது நாங்க. நிறுத்தலாமான்னு அவங்களை ஒரு வார்த்தை கேக்கல. தண்டிக்கணும்னா எங்களைத் தண்டிங்க. எங்க பேர்தான் அச்சுல வரப்போகுது."

"நாளைக்குக் காலையில பெரட்டுல நானே கேட்டுக்கிறேன்"னார் துரை. பெரட்டுன்னா தெரியும்தானே, விடியக்காலையில ஆளுங்களை வரிசையா நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிறது.

"நல்லது. நாங்களும் வாறோம். அவங்களைப் பத்தி எழுதினதை அவங்களுக்கு வாசிச்சுக் காட்டாம அச்சுக்கு அனுப்பக்கூடாதுன்னுதான் நானும் யோசிச்சுக்கிட்டு இருந்தேன்"னார் இவர்.

அப்படி ஒரு விதி எந்தக் கோவையிலும் அப்போ இல்ல. அவரா யோசிச்சது.

நானும் போனேன். போகாம இருக்க முடியுமா? பனி கொட்டிக்கிட்டு இருந்துச்சு. பெரட்டுக்களத்துல பொம்பளைங்க கம்பளியைப் போத்திக்கிட்டு, கூடையை முதுகுல போட்டுக்கிட்டு வரிசையா நின்னாங்க. என்னைப் பார்த்ததும் சின்னம்மா புருவத்தை உயர்த்தினாங்க. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். ராக்காயி ரெண்டாவது வரிசையில நின்னா. துரை குதிரை மாதிரி இப்படியும் அப்படியும் நடந்தார்.

எடிட்டர் ஐயா முன்னால போய், எல்லாருக்கும் வணக்கம் சொன்னார். பெரட்டுல நின்ன எங்க ஆளுங்களுக்கு வணக்கம் சொன்ன முதல் பெரிய மனுஷன் அவர்தான். "அம்மா, உங்க மலையில நாங்க ஒரு ஆராய்ச்சி செஞ்சோம். தப்பாச் செஞ்சுட்டோம். அந்தத் தப்பை அச்சுல ஒத்துக்கப் போறோம். அதுல உங்களைப் பத்தியும் இருக்கு. வாசிக்கிறேன், கேளுங்க. பொய் இருந்தா சொல்லுங்க"ன்னார்.

இங்கிலீசுல இருந்ததை வரிக்கு வரி தமிழ்ல சொன்னார். அருள்தாஸ் ஐயா அவருக்குப் பக்கத்துல நின்னார். பிழை எங்களுடையதுங்கிற இடம் வந்ததும், "என்னோடது"ன்னு வாய்விட்டுச் சொன்னார். வாசிச்சு முடிச்சதும் எடிட்டர் ஐயா கேட்டார்: "சரியா இருக்காம்மா?"

யாரும் பேசல. பேசாம இருந்திருந்தா எல்லாம் அத்தோட முடிஞ்சிருக்கும். சின்னம்மா ஒரு அடி முன்னால வந்தாங்க. சும்மா இருங்க சின்னம்மா, சும்மா இருங்கன்னு மனசுக்குள்ள மாதாவைக் கூப்பிட்டேன்.

"ஐயா, எல்லாம் சரிங்க. கலந்துபோச்சுன்னு சொன்னீங்களே, அது மட்டும் சரியில்லீங்க. அது தானாக் கலக்கல. நாங்கதான் போட்டோம்."

துரை சட்டுன்னு நின்னார்.

எடிட்டர் ஐயா மெதுவா, "அம்மா, போட்டோம்னு எழுதினா உங்களுக்குத்தான் கஷ்டம். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"ன்னு கேட்டார்.

"தெரிஞ்சுதாங்க. கலந்துபோச்சுன்னா நாங்க கண்ணு தெரியாம கொட்டினவளுங்கன்னு ஆகும். பத்து வயசுல இருந்து கொழுந்து பறிக்கிறேன், ஒருநாளும் ஒரு இலையைத் தவறவிட்டதில்லீங்க. அது எங்க கூடைக் கொழுந்து. நாங்களே கொடுத்தோம். களவும் இல்ல, கைத்தவறும் இல்ல. கொடுத்தோம்னே எழுதுங்க."

"ஆமாங்க, கொடுத்தோம்"னு பின்னால இருந்து ஒரு குரல். பிறகு இன்னொன்னு. ராக்காயி அழுதுக்கிட்டே, "எனக்குத்தாங்க கொடுத்தாங்க"ன்னா.

எடிட்டர் ஐயா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். கண்ணாடி மேல விழுந்த பனியா, வேற எதுவுமா, எனக்குத் தெரியாது. பாக்கெட்டுல இருந்த பென்சிலை எடுத்து, தாளை அருள்தாஸ் ஐயா முதுகுல வச்சு, 'கலந்துவிட்டது'ங்கிறதை அடிச்சுட்டு எழுதினார். எழுதினதைத் தமிழ்ல வாசிச்சார்: "மருந்தில்லாத நிரையில் பறித்தவர்கள் கூலி இழக்கக் கூடாது என்று மற்றவர்கள் தங்கள் கொழுந்தில் ஒரு பங்கை அவர்களுக்குக் கொடுத்தார்கள். கொடுக்க வேண்டிய நிலையை உண்டாக்கியது எங்கள் ஆய்வு." பிறகு தாளைத் துரை கையில கொடுத்தார். "இதைத்தான் நாளைக்கு இலங்கையில இருக்கிற எல்லாத் துரைமாரும் படிப்பாங்க, சார். இதுக்குப் பிறகு உங்க தோட்டத்துல என்ன நடந்துச்சுன்னும் கேப்பாங்க."

துரை தாளை ரொம்ப நேரம் படிச்சார். அருள்தாஸ் ஐயாவைப் பார்த்து, இங்கிலீசுல ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த நிரைக்காரிகளுக்கு முழுச் சம்பளம்னு முதல்லயே என்கிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டிருக்கணும். எனக்குத் தோணல"ன்னார் அவர்.

துரை சின்னம்மாவை ஒரு பார்வை பார்த்தார். சின்னம்மாவும் கண்ணை எடுக்கல. ஆளுங்களை மேற்பார்க்கிற கங்காணி பேர்ப் புத்தகத்தைத் திறந்து வச்சுக்கிட்டு நின்னார். கடைசியில துரை தாளைத் திருப்பிக் கொடுத்துட்டு, அவருக்குத் தெரிஞ்ச தோட்டத் தமிழ்ல கங்காணிகிட்டச் சொன்னார்: "என்ன பாக்குறது? ஆள் எல்லாம் மலைக்கு அனுப்பு. வெயில் வருது."

வெட்கப்பட்டாரோ, ஊர் பேசுமேன்னு பயந்தாரோ, எனக்கு இன்னைக்கும் தெரியாது. ஒருத்தி பேரும் வெட்டுப்படல. அது போதும் எனக்கு.

கந்தோருக்கு வந்ததும் அந்தத் திருத்தத்தை நான்தான் டைப் அடிச்சேன். தலைமை அதிகாரி கடைசி நேரத்துலயும் வந்து, "கொழுந்து கொடுத்த கதை எல்லாம் விஞ்ஞான சஞ்சிகையில எதுக்கு?"ன்னார். "அதுதான் சார் பிழைக்குக் காரணம். காரணத்தை எடுத்துட்டா அது திருத்தம் இல்ல, பூச்சு"ன்னார் எடிட்டர் ஐயா. பெரிய எழுத்துல, முதல் பக்கத்துல, கட்டுரை வந்த அதே இடத்துல போட்டார். சுற்றறிக்கை நின்னுபோச்சு. அருள்தாஸ் ஐயாவுக்கு அந்த வருஷம் புலமைப்பரிசில் கிடைக்கல. அவர் ஒரு வார்த்தை முணுமுணுக்கல. அடுத்த ஆராய்ச்சியை எழுதும்போது, மருந்தில்லாத நிரையில நிக்கிறவங்களுக்கு எடை எவ்வளவு வந்தாலும் முழுச் சம்பளம்னு முதல் பக்கத்துலயே எழுதி, துரைகிட்டக் கையெழுத்து வாங்கிட்டுத்தான் மலையில கால் வச்சார்.

நீங்களும் நாளைக்கு எத்தனையோ திருத்தம் போட வேண்டி வரும். தப்பு நடக்காத சஞ்சிகை உலகத்துல இல்ல. ஒருத்தரைக் காப்பாத்தறேன்னு நினைச்சு வார்த்தையை மழுப்பத் தோணும். எனக்கும் தோணுச்சு, நான் ஒன்னும் உங்களைவிட உசத்தி இல்ல. அப்போ ஒன்னு செய்யுங்க. யாரைப் பத்தி எழுதியிருக்கீங்களோ அவங்க முகத்தைப் பார்த்து அந்த வரியை வாசிங்க. வாசிக்க முடியலேன்னா அச்சுக்கு அனுப்பாதீங்க. எங்க எடிட்டர் ஐயா எனக்குப் பாடம்னு ஒன்னும் சொல்லித்தரல. அவர் செஞ்சதைப் பக்கத்துல நின்னு பார்த்தேன், அவ்வளவுதான்.

அந்த மழைக்கு மலைக்கு மலை மருந்து அடிச்சாங்க. சின்னம்மா தோட்டத்துலயும் எல்லா நிரைக்கும் அடிச்சாங்க. ஒரு மாசம் கழிச்சு நான் அங்க போனப்ப பொம்பளைங்க மடுவத்துக்கு இறங்கி வந்துக்கிட்டு இருந்தாங்க. ராக்காயியும் வந்தா, கூடை நிறைஞ்சு வழிஞ்சது. யாரும் அவளுக்காக நிக்கல. அவளும் யாரையும் எதிர்பார்க்காம விறுவிறுன்னு நடந்து போனா.